கரடியின் லாரியும் நான் சொன்ன நூற்றுப் பத்தும்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, பட்டறை, கூரை ஒழுகுகிற அந்த மூலை எல்லாம் இருந்தபடியே இருக்கிறோம், பெரிய குறை ஒன்றும் இல்லை. நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் கதகதப்பாக உடுத்திக்கொண்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். பேனா பிடித்து எவ்வளவோ காலமாயிற்று, ஸ்பேனர் பிடித்த கைக்கு எழுத்துகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்கின்றன, காகிதத்தின் ஓரத்தில் கறுப்பாகத் தெரிவது கிரீஸ், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்தேன், நம்பு. உன் தம்பிக்கு வேலையில் பகல் முறை கிடைத்துவிட்டது, இனி ஒழுங்காகத் தூங்குவான். பக்கத்து வீட்டுப் பூனை நம் டயர் அடுக்குக்குள் குட்டி போட்டிருக்கிறது, அதனால் அந்த அடுக்கிலிருந்து டயர் எடுக்கக் கூடாது என்று அப்பா உத்தரவு. இதையெல்லாம் ஃபோனில் சொல்லலாமே என்று கேட்பாய். ஃபோனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், நான் கோபித்துக்கொள்வேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். என் மானம் எப்படிப் போயிற்று என்பதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க எழுதுவதுதான் வசதி.

உன் அம்மாவுக்கு இந்தப் பட்டறையில் இருந்த பெரிய பெயர் உனக்குத் தெரியாததில்லை. பழைய லாரி இன்ஜினை அக்கக்காகப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன் மாற்றி, வால்வு அரைத்து, மறுபடி பூட்டி ஓடவிட்ட பிறகு அதற்கு எத்தனை குதிரைத்திறன் என்று யாருக்குத் தெரியும். கம்பெனி எந்தக் காலத்திலோ புத்தகத்தில் போட்ட கணக்கு இப்போது செல்லாது, உள்ளே இருப்பதில் பாதி வேறு வண்டியின் சாமான். ஆனால் வண்டிக்காரர்களுக்கு ஒரு எண் வேண்டும், பிள்ளை வாங்கிய மார்க்கைப் போல நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள. அப்போது நான் வருவேன். இன்ஜினைச் சூடாகும்வரை ஓடவிடச் சொல்லி, பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, மேல்மூடியில் உள்ளங்கையை வைத்து, ஆக்ஸிலேட்டர் கம்பியை ஓர் இழுப்பு இழுத்து, புகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எண்பத்தெட்டு என்பேன். தொண்ணூறு என்றால் குத்துமதிப்பு என்று நினைத்துவிடுவார்கள், எண்பத்தெட்டு என்றால் வாயைப் பிளப்பார்கள். எனக்குப் பிடித்தவர்களுக்கு நாலைந்து குதிரை கூடும், சிடுசிடுப்பவர்களுக்கு அதே அளவு குறையும். சரிபார்க்க இங்கே ஒரு கருவியும் கிடையாது என்பதால் இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

கரடி என்று நாம் பெயர் வைத்தவரை உனக்கு நினைவிருக்கும், கை முழுக்க முடி, பீப்பாய்க்குள்ளிருந்து வருகிற குரல், பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்துக் கல்யாணத்துக்கும் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விடுகிறவர். அவர் எங்கேயோ ஒரு கோழிக் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு லாரியை இழுத்துக்கொண்டு வந்தார். என்னைவிட மூத்த லாரி, உருண்டை மூக்கு, தவளைக் கண் மாதிரி விளக்கு, ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், அதற்குள் கோழி இறகு. நானும் அப்பாவும் மழைக்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினோம். முதல் தடவை அது இருமி, செருமி, பிறகு நின்று நிதானமாக ஓடத் தொடங்கியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை, எண்பத்தெட்டு, தொண்ணூற்றிரண்டு எல்லாம் மறந்துபோய் நூற்றுப் பத்து என்று சொல்லிவிட்டேன். புதுசா வந்தப்பவே அதுக்குத் தொண்ணூறு இல்லையேம்மா என்று அப்பா என் காதோரம் சொல்லிப் பார்த்தார். அது கம்பெனிக்காரன் பூட்டினது, இது நான் பூட்டினது என்று சொல்லிவிட்டேன். கரடி சும்மா இருப்பாரா, பெயின்டரைக் கூப்பிட்டு இன்ஜின் மூடியின் இரண்டு பக்கமும் மஞ்சளில் நூற்றுப் பத்து என்று முழ நீளத்துக்கு எழுதவைத்துவிட்டார்.

அந்த லாரிக்குக் கிடைத்த முதல் சவாரி ஒரு கல்யாணம். மேட்டுச் சாலையின் உச்சியில் இருக்கிற மண்டபத்துக்கு, பொண்ணு மாப்பிள்ளையை லாரியின் பின்னால் நிற்கவைத்து, உறவுக்காரர்களையும் பாண்டு வாத்தியக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு ஊர்வலமாகப் போக வேண்டும். இத்தனை பேரைத் தாங்குமா மேஸ்திரியம்மா என்று கரடி கேட்டபோது, நூத்துப் பத்து குதிரைங்க, இன்னொரு கல்யாணத்தையும் சேத்து ஏத்துங்க என்றேன். நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் முன் இருக்கையில் நானும் ஏறிக்கொண்டேன். அப்பா நம் வேனில் பின்னால் வந்தார். மேடு தொடங்கி, கரடி கியரைக் குறைத்த இடத்தில் என் பக்கம் சாய்ந்து ஏதோ சத்தமாகச் சொன்னார். சீரா போகுதே என்று என் காதில் விழுந்தது. அப்படித்தான் போகும், யார் கை பட்டது என்று சொல்லி டாஷ்போர்டை இரண்டு தட்டுத் தட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடி அதையே சொன்னார். போகப் போக இன்னும் நல்லா வரும் என்றேன். பாவம், நான் சொன்ன உறுதியைப் பார்த்து அவரும் பேசாமல் ஓட்டினார். அவர் சொன்னது, ஏதோ சீறுதே மேஸ்திரியம்மா, ஏதோ சீறுதே.

நடு மேட்டில் லாரி ஓர் உதறு உதறி நின்றது. அப்பா வேனிலிருந்து குதித்து ஓடிவந்து பின்சக்கரத்துக்கு அடியில் கல்லை வைக்காமல் இருந்திருந்தால் கல்யாணம் பின்பக்கமாகவே இறங்கிப் போயிருக்கும். வண்டி நின்றதைத் தங்களுக்கான ஜாடை என்று நினைத்து பாண்டுக்காரர்கள் இன்னும் பலமாக வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா கோட்டைக் கழற்றி யாரிடமோ கொடுத்துவிட்டு லாரியைத் தள்ளினார், மேளக்காரர் ஒரு தோளால் தள்ளிக்கொண்டே ஒரு கையால் அடித்தார், லாரி ஓர் அங்குலம் நகரவில்லை. கடைசியில் எல்லோரும் நடந்தே போனார்கள். கல்யாணப் பெண் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போகும்போது ஏதோ சொல்லிச் சிரித்தாள். எவ்வளவு நல்ல பெண், இந்த நிலைமையிலும் நம்மிடம் ஆசி வாங்குகிறாள் என்று நினைத்து, ரொம்ப நன்றிம்மா, நல்லா இரு என்றேன். அவள் சொன்னதை அப்பா பிறகுதான் எனக்குச் சொன்னார். ஆன்ட்டி, நூத்துப் பத்து குதிரையில எத்தனைக்குக் காலு ஒடிஞ்சிருக்கு என்று கேட்டாளாம்.

என் மேல் தப்பிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெட்ரோலைக் குறை சொன்னேன், பெடலை மிதித்த கரடியின் காலைச் சொன்னேன், சாலை போட்டவனைச் சொன்னேன், மாப்பிள்ளை வீட்டாரின் உடல்வாகைக்கூடச் சொன்னேன். கரடி சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், அவர் அமைதியாக, பக்கத்து ஊர்ல டைனோ வந்திருக்காம், அங்க ஒரு தடவை பாத்துடலாமே என்றார். டைனோ என்றால் தரையில் பதித்த உருளைகள், அதன்மேல் பின்சக்கரங்களை நிறுத்தி, வண்டியைச் சங்கிலியால் கட்டி, முடிந்தவரை ஓட்ட வேண்டும், வண்டி நின்ற இடத்திலேயே ஓடும், சக்கரத்துக்கு வந்து சேருகிற குதிரைத்திறன் திரையில் தெரியும். இவ்வளவு ஓடியும் எங்கயும் போகலையே, என்னோட யோசனைங்க மாதிரி என்று அப்பா சொன்னார், யாரும் சிரிக்கவில்லை. டைனோவைப் பார்த்துக்கொள்கிறவள் உன் வயசுப் பெண், தலைமுடியை ஒரு கயிற்றால் கட்டியிருந்தாள். திரையில் ஐம்பத்திரண்டு என்று வந்தது. கியர் பெட்டியும் பின் அச்சும் கொஞ்சம் தின்னுடும்மா, இன்ஜின்ல அறுபதுக்கு மேல இருக்கலாம் என்று எனக்காக இறங்கி வந்தாள். உன் மெஷினுக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, காலையில்தான் சரிபார்த்தேன் என்று சொல்லிவிட்டு, இன்ஜின் பக்கம் குனிந்தவள் அப்படியே நின்றாள். என் முகத்தைப் பார்த்து, ஏதோ சீறுதும்மா என்றாள்.

எல்லோரும் கிட்டே வந்து காது கொடுத்தார்கள். கரடி, ஆமா, அன்னிக்கே சொன்னேனே என்றார். அப்பா தலையாட்டினார். பார்சல் கொடுக்க வந்த ஆள்கூட, அதோ அங்கதான் என்று கை காட்டினான். நானும் குனிந்தேன். இன்ஜினின் தடதடப்பு நெஞ்சு வரைக்கும் கேட்டது, கீழே உருளையின் உறுமல் கேட்டது, சீறலை மட்டும் காணோம். ஊரே கேட்கிற சத்தம், பூட்டினவளுக்குக் கேட்கவில்லை. என்ன செய்வேன், ஆமா ஆமா, கேக்குது என்று சொல்லி நானும் ஒரு விரலை நீட்டினேன். நீட்டியது தப்பான பக்கம். அப்பா என் விரலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் கையைப் பிடித்து, மெதுவாக இன்ஜினின் மறுபக்கம், பின் மூலைக்குக் கொண்டுபோனார். ஹெட்டும் பிளாக்கும் சேருகிற இடத்திலிருந்து சூடான காற்று என் விரலில் பட்டுப் பட்டு வந்தது, பூனைக்குட்டியின் மூச்சு மாதிரி. இரண்டுக்கும் நடுவில் காற்று கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் தகடு மடங்கிப்போய் அந்த வழியாகத் திறனெல்லாம் வெளியே ஊதிப் போய்க்கொண்டிருந்தது. என் கையை அவர் கொஞ்ச நேரம் விடவே இல்லை. அத்தனை பேர் முன்னால் எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அந்தக் கை வேண்டியும் இருந்தது.

திரும்பி வரும்போது வேனில் அப்பா, உனக்குக் காது கேக்கலைன்னு நானும் எத்தனை தடவை சொல்லிட்டேன் தெரியுமா என்றார். என்கிட்ட எப்பச் சொன்னீங்க என்று கேட்டேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்த வாரமே காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் இந்தப் பொத்தானை அமுக்குங்கள் என்றார்கள். தேர்வு என்றால் உன் அம்மா விடுவாளா, முன்னால் இருந்த விளக்கையும் டாக்டரின் புருவத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு டக் டக்கென்று அமுக்கித் தள்ளினேன், நூற்றுக்கு நூறு என்றே நினைத்தேன். டாக்டர் கதவைத் திறந்து, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லைம்மா என்றார். பிறகு ஆரம்பித்தார், பிறகு ஒரு படம் காட்டினார், கோடு கொஞ்ச தூரம் நேராக வந்து அப்புறம் நம் மேட்டுச் சாலை மாதிரிச் சரிந்து இறங்கியது. தடித்த சத்தம் எல்லாம் எனக்குக் கேட்குமாம், மெல்லிய சத்தங்கள் போய்விட்டனவாம், பேச்சிலும் பாதி எழுத்துகள் அந்தச் சரிவில்தான் இருக்கின்றனவாம், இல்லாததை மூளை தானாகவே இட்டு நிரப்பிக்கொள்ளுமாம். காதுக்கு ஒன்றும் மாட்டாமல் இத்தனை வருஷம் இன்ஜின் பக்கத்தில் நின்றதற்குக் கிடைத்த பரிசு. தம்பிக்கும் சொல்லிவிட்டேன், தொழிற்சாலையில் காதடைப்பான் இல்லாமல் நிற்காதே என்று, நீயும் வேலைக்குப் போகிற ரயிலில் பாட்டைச் சத்தமாக வைத்துக் கேட்காதே.

இப்போது இரண்டு காதிலும் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு கருவி இருக்கிறது. முதல் நாள் பைத்தியம் பிடித்துவிட்டது. பிளாஸ்டிக் பை இவ்வளவு சத்தம் போடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்பா மூச்சு விடும்போது மூக்கில் ஒரு விசில் வருகிறது, கல்யாணமானதிலிருந்தே இப்படித்தானா என்று கேட்டால், உன் கூடச் சண்டை போட வேற வழியில்லாம ஊதறேன் என்கிறார். கேஸ்கெட்டை மாற்றி, ஹெட்டை வரிசைப்படி இறுக்கி, சூடாக்கி மறுபடி இறுக்கி, சீறல் இல்லை என்று நானே காதால் கேட்டு, லாரியைத் திரும்ப டைனோவுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். சக்கரத்தில் அறுபத்தொன்பது வந்தது. கியர் பெட்டியும் அச்சும் தின்றதைச் சேர்த்தால் இன்ஜினில் எண்பத்துநாலு இருக்கும் என்று அந்தப் பெண் கணக்குப் போட்டுச் சொன்னாள். அறுபது சொச்சத்துக்கும் எண்பத்துநாலுக்கும் நடுவில் இருந்தது என் காது. எண்பத்துநாலுக்கும் நூற்றுப் பத்துக்கும் நடுவில் இருப்பது என் வாய், அதற்கு டாக்டரிடம் கருவி கிடையாது. கரடி பெயின்டரை மறுபடி கூப்பிட வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதில்லை. லாரியை எடைமேடையில் நிறுத்தி எடை பார்த்து, அதே மேட்டில் ஏற்றி, எடையை மேட்டின் உயரத்தால் பெருக்கி, ஏறின நேரத்தால் வகுக்கிறோம், அதோடு உராய்வில் வீணாவதற்கும் கொஞ்சம் சேர்க்கிறோம். கடிகாரம் அப்பா கையில், முதல் தடவை அமுக்க மறந்துவிட்டார், இரண்டாம் தடவை நிறுத்த மறந்துவிட்டார். மூன்றாம் தடவை எண்பத்திரண்டு வந்தது. மீதி ரெண்டு குதிரை மேயப் போயிருக்கும் விடுங்க என்று கரடி சொன்னார்.

இதுவரை எழுதியது நீ சிரிப்பதற்கு. இனிமேல் எழுதப்போவதற்குத்தான் இந்தப் பேனாவையே எடுத்தேன். முந்தாநாள் தம்பி ஃபோன் செய்தான், கருவி மாட்டிக்கொண்ட பிறகு நான் அவனோடு பேசிய முதல் ஃபோன். ஏம்மா, அக்கா விஷயத்துல நீ இப்படிப் பேசுவேன்னு நான் நெனைக்கவே இல்ல என்றான். என்ன பேசினேன் என்றேன். அவன் சொன்னான். போன மாதம் நீ கூப்பிட்டபோது, நாங்க பிரிஞ்சிட்டோம்மா என்று சொல்லியிருக்கிறாய். என் காதில் விழுந்தது, நாங்க புரிஞ்சிட்டோம்மா. நடுவில் கொஞ்ச நாளாக உனக்கும் மாப்பிள்ளைக்கும் சின்னச் சின்னச் சண்டை என்று தெரியும், அதனால் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டீர்கள் என்று எனக்குள் நானே இட்டு நிரப்பிக்கொண்டேன். நான் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது, ரொம்ப சந்தோஷம்மா, இதை அப்பவே செஞ்சிருக்கக் கூடாதா, இத்தனை வருஷத்தை வீணாக்கிட்டீங்களே. நீ கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு சரிம்மா என்று வைத்துவிட்டாய். நான் அன்றைக்குப் பட்டறையில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தேன், மகளே. கரடி இரண்டு எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நீ கூப்பிடவே இல்லை, சந்தோஷமா இருக்கா, நம்ம ஞாபகம் எங்க வரும் என்று அப்பாவிடம் நானே சமாதானமும் சொன்னேன்.

தம்பி வைத்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர் கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்தார், கையில் இருந்த துணியை மடித்தார், பிரித்தார், மடித்தார். பிறகு எழுந்து போய்ப் பரணிலிருந்து பெட்டியை இறக்கி, இரண்டு சட்டையும் சவரக் கத்தியும் வைத்து மூடினார். அது இன்னும் வாசல் கதவோரம்தான் நிற்கிறது. அவ வரச் சொல்லாம போய் நிக்கக் கூடாதுங்க என்று நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன். உடனே ஃபோன் செய் என்றார், எனக்குத்தான் பயம், என்ன சொல்வேன், எந்த வார்த்தையில் தொடங்குவேன். அதனால் எழுத உட்கார்ந்தேன், உட்கார்ந்தும் பார், லாரிக் கதையில் தொடங்கி எத்தனை பக்கம் சுற்றி வந்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் சொன்ன சந்தோஷத்தை எடுத்துப்போட்டுவிடு, அது உனக்குச் சொன்னது இல்லை. அதற்குப் பதிலாக வருத்தம் என்றும் எழுத மாட்டேன், உனக்கு அது வருத்தமா, நிம்மதியா, இரண்டும் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது, இந்தத் தடவை கேட்காமல் எதையும் சொல்வதாக இல்லை. யார் மேல் தப்பு என்றும் கேட்க மாட்டேன். மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று நீ யோசிக்காதே, இனிப்புச் சாப்பிட்டவர்களிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன், எனக்கு இப்போது அசடு வழிவது பழகிவிட்டது. நீ இங்கே வருவதானால் உன் அறையில் இருக்கிற கார்பரேட்டர்களை எல்லாம் வெளியே எடுத்துவிடுகிறோம், நாங்கள் அங்கே வர வேண்டுமானால் ஒரு வார்த்தை சொல், அப்பா பெட்டி தயார். ஒன்றும் வேண்டாம், தனியாக இருக்கவிடுங்கள் என்றால் அதுவும் சரி. ஒன்று மட்டும் தம்பியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்று ஃபோனில் நீ அழுதாயா? நீ பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வெறும் அமைதியாகத்தான் இருந்தது.

எங்கே இருந்தாலும், யாரோடு இருந்தாலும், இல்லாமல் இருந்தாலும், நீ நல்லா இருக்கணும், உன் தலைமேல் எங்கள் இரண்டு பேர் கையும் எப்போதும் உண்டு. நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கதவைத் தாழ் போட்டாயா என்று இரண்டு தடவை பார். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கூப்பிட்டால் பட்டறையில் இன்ஜின் எதுவும் ஓடாது, அப்பா எடுத்தாலும் என்னிடம் கொடுக்கச் சொல். முதலிலிருந்து சொல், நீ பாட்டுக்குச் சொல்லு, கத்த வேண்டாம், நான் நடுவில் பேச மாட்டேன். மெதுவாக அழுதாலும் எனக்குக் கேட்கும்.

உன்
அம்மா